பதினேழாம் வீட்டின் ஈரச்சாக்கு

அத்தியாயம் ஆறு

"அண்ணை, ஒண்டு கேக்கட்டே? கோபிக்கக்கூடாது," என்றாள் சாருஜா, ஸ்கூட்டியைக் கோப்பாய்ப் பக்கத்து ஒழுங்கை ஒன்றுக்குள் திருப்பியபடி.

"கோபிப்பன் எண்டு தெரிஞ்சுதானே கேக்கிறாய். கேள்," என்றார் பின்னால் இருந்த மயூரதன்.

"மற்றத் துப்பறியிற ஆக்களுக்கு வைர மாலை காணாமல் போகுது, பிணம் அலுமாரிக்குள்ளை கிடக்குது. எங்களுக்கு மட்டும் ஏன் கக்கூஸ்?"

மருதனார்மடச் சந்தியில், ஒரு பேக்கரியின் மேல்மாடியில் அவர்களுடைய விசாரணை நிலையம் மூன்று வருடமாக நடக்கிறது. வருகிற வழக்கில் முக்கால்வாசி கனடாவிலிருந்து வரும். மாப்பிள்ளை குடிக்கிறவரா, பெண்ணுக்கு ஏற்கெனவே எங்காவது கல்யாண எழுத்து நடந்ததா என்ற வகை. அந்தக் கணக்கில் பார்த்தால் ஐந்து மலசலகூடங்களின் கொலை அவர்களுக்குப் பதவி உயர்வுதான்.

கொலை என்பது சாருஜா வைத்த பெயர். நடந்தது இதுதான். பன்னிரண்டு வருடத்துக்கு முந்தி, இடம்பெயர்ந்து திரும்பி வந்த நாற்பது குடும்பங்களுக்கு, செம்மண்தோட்டம் என்ற இந்தக் குறிச்சியில், ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனம் நாற்பது மலசலகூடங்கள் கட்டிக் கொடுத்தது. கடந்த இரண்டு மாதத்துக்குள் அவற்றில் ஐந்தின் பீங்கானுக்குள் யாரோ சீமெந்தைக் குழைத்து ஊற்றி, வாய்வரை நிரப்பி அடைத்துவிட்டார்கள். வருகிற வியாழக்கிழமை நிறுவனத்தின் பெரிய ஆட்கள் விமானம் ஏறி வருகிறார்கள். பழைய நாற்பதையும் பார்த்து மகிழ்ந்து, பக்கத்துக் குறிச்சியில் இன்னும் அறுபது கட்டுவதற்குக் கையெழுத்து வைப்பது ஏற்பாடு. சீமெந்து குடித்த பீங்கானைப் பார்த்து யாரும் மகிழமாட்டார்கள். ஆகவே நிறுவனத்தின் யாழ்ப்பாணப் பணிமனைப் பொறுப்பாளர் நிருஷன் பேக்கரிப் படியேறி வந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "எனக்குப் பொலிஸ் வேண்டாம் அண்ணை. வியாழனுக்கு முந்தி ஒரு பேர் வேணும்," என்றான்.

இன்று செவ்வாய்.

நிருஷன் அவரிடம் வந்ததற்கு வேறு ஒரு காரணமும் உண்டு. அந்த நாற்பதையும் கட்டுவித்த வெளிக்கள உத்தியோகத்தர் மயூரதன்தான். பிறகு உதவிப் பணம் வேறு நாட்டுக்குத் திரும்பியது, பணிமனை சுருங்கியது, ஜீப் போனது, வேலையும் போனது. ஆனால் திறப்புவிழாப் படம் இன்னும் விசாரணை நிலையச் சுவரில் தொங்குகிறது. வாழ்க்கையில் உருப்படியாக என்ன செய்தாய் என்று யாராவது கேட்டால் காட்டுவதற்கு அவரிடம் இருந்தது அந்தப் படம் ஒன்றுதான். சுவரிலிருந்து அந்த ஒழுங்கைக்கு ஸ்கூட்டியில் இருபது நிமிடம். பன்னிரண்டு வருடத்தில் ஒரு தரமும் அவர் அந்த இருபது நிமிடத்தைச் செலவழிக்கவில்லை. அது நேற்றுத்தான் அவருக்கு உறைத்தது, உறைத்ததிலிருந்து ஒழுங்காகச் சாப்பாடு இறங்கவில்லை.

நேற்று நான்கு வீடுகள் பார்த்தாயிற்று. ஒருவரும் காணவில்லை, ஒருவரும் கேட்கவில்லை.

"எனக்கு ஒண்டுதான் விளங்கேல்லை," என்றாள் சாருஜா. "வேலிக் கதியால் ஒரு சாண் தள்ளினால் கோட்டுக்குப் போற சனம் நாங்கள். வீட்டுக் கக்கூஸை அடைச்சுப் போட்டுப் போனவனை நாலு வீட்டிலையும் ஒருதரும் ஒரு தூசணம் சொல்லேல்லை. நாலு வீடும் ஞானியளோ?"

"அஞ்சாவதைப் பாப்பம்," என்றார் அவர்.

ஐந்தாவது, பதினேழாம் இலக்கம். படலையைத் திறந்தவர் அறுபதைத் தொடுகிற ஒரு பெண். தோட்டத்து மண் காலில் ஒட்டியிருந்தது.

"வாங்கோ மயூரதன் சேர். நல்லா மெலிஞ்சு போனியள். பெண்சாதி பிள்ளையள் சுகமே?"

மயூரதன் சிரித்து வைத்தார். அந்த முகத்தை மனதுக்குள் எங்கு தேடியும் கிடைக்கவில்லை. பயனாளி இலக்கம் 17, அங்கத்தவர் நால்வர், கூரை கிடுகு என்று ஒரு வரி மட்டும் ஓடி வந்து முன்னால் நின்றது. அவருக்கு இவர்களுடைய இலக்கம் ஞாபகம் இருக்கிறது, இவர்களுக்கு அவருடைய பெயர் ஞாபகம் இருக்கிறது. வெட்கம் காது வரைக்கும் ஏறியது. விறாந்தைக்கு ஏறியபடியே, சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படத்தின் கீழ் எழுதியிருந்ததை ஓரக்கண்ணால் வாசித்து, "இருக்கினம், கனகாம்பிகை அக்கா," என்றார்.

சாருஜா அதைக் கண்டுவிட்டாள்.

மலசலகூடம் வீட்டுக்குப் பின்னால், கோடிப்புறத்து மூலையில், வேலியோடு வேலியாக நின்றது. எங்கள் ஊரில் அதுதான் அதற்கு உரிய இடம். வீட்டு வாசலிலிருந்தும் குசினியிலிருந்தும் சாமி அறையிலிருந்தும் எவ்வளவு தூரம் தள்ளலாமோ அவ்வளவு தள்ளி, இனித் தள்ளினால் அடுத்தவன் காணி என்கிற இடத்தில்தான் கட்டுவோம். கதவுக்கு மேலே, இரண்டு கைகள் குலுக்கிக்கொள்கிற பலகை வெயிலில் வெளுத்து, இப்போது ஒரு கைதான் தெரிந்தது.

"இது நடந்து எத்தினை நாள் அம்மா?" என்று கேட்டாள் சாருஜா.

"எட்டு நாள் இருக்கும் பிள்ளை."

"அதுக்குப் பிறகு உள்ளை போனனீங்களே?"

"ஏன் போறன்? பாக்க வயிறு பத்தியெரியுது." வயிறு எரிகிற முகமாக அது இல்லை.

சாருஜா கதவைத் தள்ளினாள். பீங்கான் இருந்த இடத்தில் ஒரு சணல் சாக்கு விரித்திருந்தது. குனிந்து அதன் ஒரு மூலையைப் பிடித்து முறுக்கினாள். தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

"அண்ணை, ஒரு மாசமா மழை இல்லை. மேலை தகரம், ஓட்டையும் இல்லை. எட்டு நாளைக்கு முந்தி வந்த கள்ளன் இண்டைக்கு விடியவும் வந்து தண்ணி ஊத்திப்போட்டுப் போயிருக்கிறான். என்ன ஒரு வளர்ப்பு."

மயூரதன் சாக்கை முழுதாக விலக்கினார். சீமெந்து ஒரு வெடிப்பும் இல்லாமல் கிடந்தது. புதுச் சீமெந்தை ஒரு கிழமைக்கு ஈரத்தில் வைத்திருக்காவிட்டால் வெடிக்கும் என்பது கட்டட வேலை பார்த்த எவருக்கும் தெரியும். ஆனால் நாசம் செய்ய வந்தவனுக்கு அது வெடித்தால் என்ன, வெடிக்காவிட்டால் என்ன? இதை அடைத்தவருக்கு இது நிரந்தரமாக, ஒழுங்காக அடைபட வேண்டும். தினமும் தண்ணீர் ஊற்றியவர்கள் வீட்டுக்காரர்.

"ஞானியள் இல்லை, கூட்டாளியள்," என்றாள் சாருஜா மெதுவாக.

அவர் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். சீமெந்தின் விளிம்பு முழுவதும், நேற்றுப் பார்த்த நான்கிலும் இருந்ததைப் போலவே, வட்ட வட்டமாக அழுத்திய அடையாளம். சோடாப் போத்தலின் அடிப்பக்கத்தால் அழுத்தி விளிம்பைத் தட்டையாக்குகிற வித்தை அது. அந்தக் காலத்தில் திட்டத்தோடு சேர்த்துப் பன்னிரண்டு பெண்களுக்கு மேசன் வேலை பழக்கினார்கள். சாந்து பூசுகிற கரண்டி எல்லோருக்கும் காணாது என்று, பயிற்றுவித்த கிழவர் போத்தலைக் கையில் கொடுத்தார். அந்தப் பன்னிரண்டு பேரில் வேலையை விடாமல் செய்கிறவர் இராசமலர் ஒருவர்தான் என்று நிருஷன் சொல்லியிருந்தான்.

"கிணத்தடியைப் பாப்பம்," என்றார்.

கிணறு வீட்டு முன்பக்கம், நல்ல தூரத்தில் இருந்தது. அவரே நாடா பிடித்து அளந்த தூரம். ஐம்பது அடிக்குக் குறையக்கூடாது என்பது விதி, இங்கே எழுபதுக்கு மேல். கிணற்றுக் கட்டில் நிறைந்த குடங்கள் வரிசையாக நின்றன. சாருஜா விரல் விட்டு எண்ணினாள்.

"ஒன்பது. வீட்டிலை எத்தினை பேர் அம்மா?"

"நானும் அவரும்தான். மகன் கட்டாரிலை. மகளை உடுப்பிட்டியிலை கட்டிக் குடுத்தாச்சு."

"ரெண்டு பேருக்கு ஒன்பது குடம். ஐயா என்ன, ஒட்டகமோ?"

கனகாம்பிகை சிரிக்கவில்லை. அவருடைய கண் ஒரு கணம் கோடிப்புற வேலிக்குப் போய்த் திரும்பியது. துப்பறிகிறவர்களுக்கு அந்த ஒரு கணம் போதும். மலசலகூடத்துக்குப் பின்னால், கிடுகு வேலியில் ஒரு பொட்டு வெட்டியிருந்தது, ஒரு ஆள் குனிந்து போகக்கூடிய திறப்பு. கதியாலின் வெட்டுவாய் இன்னும் வெள்ளையாக இருந்தது. கிணற்றடியிலிருந்து பொட்டு வரைக்கும் செம்மண்ணில் ஒற்றையடிப் பாதை விழுந்து, வழி நெடுகத் தண்ணீர் சிந்திய தடம்.

"பொறுங்கோ," என்றாள் சாருஜா. "அங்காலை வீட்டு நாகேஸ்வரியும் நீங்களும் அரையடி வேலிக்கு ஆறு வருசம் வழக்காடின ஆக்கள் எண்டெல்லோ சந்திக் கடைக்காரர் சொன்னவர்?"

"ஏழு வருசம்," என்றார் கனகாம்பிகை.

"அந்த வேலியிலை பொட்டு வெட்டினது ஆர்?"

"நான்தான்."

மயூரதன் குனிந்து பொட்டுக்குள் நுழைந்தார். நிமிர்ந்தபோது அவருக்கு முன்னால் ஒரு கிணறு நின்றது. நான்கைந்து எட்டு வைத்தால் தொடலாம். கிணற்று வாயைத் துருப்பிடித்த தகரத்தால் மூடி, மேலே கல் ஏற்றியிருந்தார்கள்.

முருங்கை மரத்தடியில் ஒரு பெண் சாந்து குழைத்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். ஆண்களின் சேட்டு, பாவாடை, தலையில் துவாய். பக்கத்தில் ஒரு சோடாப் போத்தல்.

"குனிஞ்சு வந்ததிலை நாரி பிடிச்சுப் போச்சோ, சேர்?" என்றார் இராசமலர்.

சாருஜா பின்னாலேயே வந்து சேர்ந்தாள். இரண்டு நாள் அலைந்த களைப்புப் பறந்து, முகத்தில் வெற்றி நின்றது. "அக்கா, நீங்கள் அஞ்சு வீட்டிலையும் போத்தல் அடையாளத்தைப் போட்டிட்டுப் போயிட்டியள். பிடிபட்டியள்."

"ஒளிச்சிருந்தால்தானே பிடிபடுறதுக்கு," என்றார் இராசமலர். கை சாந்தைக் குழைப்பதை நிறுத்தவில்லை. "பணிமனைக்கு மூண்டு கடிதம் எழுதினனான். ஒருதரும் வரேல்லை. சீமெந்தை ஊத்தினன், ரெண்டு பேர் வந்திருக்கிறியள். இது முதலே தெரிஞ்சிருந்தால் முத்திரைக் காசு மிஞ்சியிருக்கும்."

"என்ன கடிதம்?" என்றார் மயூரதன்.

இராசமலர் வீட்டுப் பக்கம் திரும்பி, "ஆரபி, இஞ்சை ஒருக்கா வாம்மா," என்று கூப்பிட்டார். ஒரு சிறுமி வாசலுக்கு வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்கள் பெரிதாக, கால்கள் குச்சியாக. அவளுக்குப் பின்னால் தாய் நாகேஸ்வரியும் வந்து நின்றார்.

"பள்ளிக்கூடம் போகேல்லையே குஞ்சு?" என்றாள் சாருஜா. "முதலாம் ஆண்டோ?"

"நாலாம் ஆண்டு," என்றாள் ஆரபி. "எனக்கு ஒன்பது வயசு."



நாகேஸ்வரிதான் சொன்னார். பிள்ளை பிறந்த நாளிலிருந்து வயிற்றோட்டம். வருடத்தில் நாலு தரம், ஐந்து தரம் ஆசுபத்திரி. தின்கிறது உடம்பில் ஒட்டாது. மருந்து கொடுத்தால் நிற்கும், வீட்டுக்கு வந்து இரண்டு கிழமையில் திரும்பத் தொடங்கும். போன வருடம்தான் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் கிணற்றுத் தண்ணீரைப் போத்தலில் எடுத்துக்கொண்டு போனார். வந்து, இந்தத் தண்ணீரை வாயில் வைக்காதீர்கள் என்றார்.

"எங்கடை மண்ணுக்குக் கீழை முழுக்கச் சுண்ணாம்புக்கல், எல்லாம் ஓட்டை," என்றார் இராசமலர். "ஒரு குழிக்குள்ளை ஊத்தினது பக்கத்துக் கிணத்துக்கு வரக் கனநாள் செல்லாது. இந்த வேலியைப் போலை அஞ்சு வேலி எனக்குத் தெரியும். அஞ்சு வீட்டுக்காரரோடையும் கதைச்சனான். நான் சொல்ல முதல் கனகாம்பிகை அக்காதான் அழுதவ. அவ தண்ணி குடுக்கிறா, நாகேஸ்வரி தன்ரை கக்கூஸைக் குடுக்கிறா. இவையின்ரை கக்கூஸ் ஒழுங்கைப் பக்கம், கிணறு ஒண்டும் கிட்ட இல்லை. அதுக்குப் பக்கத்திலைதான் இப்ப ஒரு குளிக்கிற அறையும் கட்டுறன்."

"அப்ப ஏன் எங்களட்டைப் பொய் சொன்னவை?" என்றாள் சாருஜா.

பொட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கனகாம்பிகையின் குரல் வந்தது. "ஒப்பந்தத்திலை கையெழுத்து வைச்சனாங்கள் பிள்ளை. தந்த பொருளைச் சேதப்படுத்தினால் அந்தக் குடும்பத்துக்கு இனி ஒரு உதவியும் இல்லையாம். ஆரோ அடைச்சிட்டான் எண்டால் எங்கடை பேர் லிஸ்ற்றிலை இருக்கும். இந்தக் கக்கூஸ் வர முதல் நானும் என்ரை மகளும் பொழுதுபட்ட பிறகு பனங்கூடலுக்குள்ளை போன ஆக்கள். எங்களுக்கு இது எவ்வளவு பெரிய பொருள் எண்டு மயூரதன் சேருக்குத் தெரியும். அதை நானே அடைக்கச் சொன்னனான் எண்டு எந்த வாயாலை சொல்லுறது?"

மயூரதன் இராசமலரிடம் திரும்பினார். "அக்கா, நான் அளக்காமல் கட்டுவிக்கேல்லை. நாற்பது வீட்டிலையும் அம்பது அடி பாத்தனான். நானே நாடா பிடிச்சனான்."

இராசமலர் முதல் தடவையாகக் கையை நிறுத்தினார். "ஓம் சேர். எந்தக் கிணத்திலை இருந்து அளந்தனீங்கள்?"

அவர் திரும்பி, பொட்டுக்கு அந்தப் பக்கம் கனகாம்பிகையின் கிணறு இருந்த திசையைப் பார்த்தார்.

"உங்களுக்கு மறந்து போச்சு," என்றார் இராசமலர், குற்றம் சாட்டுகிற குரலில் அல்ல, கையில் அகப்பட்ட பொருளை உரியவரிடம் கொடுக்கிற குரலில். "இந்தப் பதினேழாம் வீட்டுக் குழி வெட்டினது நான். வெட்டேக்கை உங்களட்டைக் கேட்டனான், சேர், வேலிக்கு அங்காலை ஒரு கிணறு கிடக்கே எண்டு. ஜீப் ஸ்ராட்டிலை நிண்டது. நீங்கள் ஃபைலைத் திறந்து காட்டினியள். படிவத்திலை பயனாளியின்ரை கிணறு எண்டுதான் கிடக்கு அக்கா, அயலவையின்ரை கிணத்துக்குக் கட்டம் இல்லை எண்டியள். நான் அப்பத்தான் வேலை பழகினனான். படிச்ச ஆள் சொல்லுறார் எண்டு வெட்டினன்."

ஜீப்பின் உறுமல் மயூரதனுக்குக் கேட்டது. அன்றைய வெயில், பொழுது சாய்வதற்குள் முடிக்கவேண்டியிருந்த இன்னும் மூன்று வீடுகள், மாத முடிவுக்குள் நாற்பது என்ற இலக்கு. மடியில் ஃபைல். இந்தப் பெண்ணின் கையில் மண்வெட்டி. எல்லாம் வந்துவிட்டது. பழியை வெள்ளைக்காரர் தலையில் போடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. உங்கள் ஊர் உங்களுக்குத்தான் தெரியும் என்று சொல்லி அந்தப் படிவத்தை எழுதும் வேலையை அவரிடமே விட்டிருந்தார்கள். இரண்டு இரவு இருந்து எழுதியவர் அவர். நல்ல படிவம் என்று பாராட்டுக்கூட வந்தது. கக்கூஸ் என்றால் வேலியோடுதான் வைப்போம் என்பதும், வேலிக்கு அந்தப் பக்கம் ஒருவன் கிணறு வைத்திருப்பான் என்பதும், இந்த மண்ணில் பிறந்து வளர்ந்த அவருக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். அவரும் எல்லாரையும்போல வேலி மட்டும்தான் பார்த்தார்.

பையைத் திறந்து நாடாவை எடுத்தார். இராசமலர் நுனியை வாங்கி, பொட்டுக்குள் குனிந்து போய், குழியின் மூடியில் வைத்துப் பிடித்தார். மயூரதன் நாடாவைக் கிணற்றுக் கட்டு வரைக்கும் இழுத்தார்.

"எவ்வளவு அண்ணை?" என்றாள் சாருஜா.

"பதினாலு அடி."

கைபேசி அடித்தது. நிருஷன்.

"அண்ணை, ஆளைப் பிடிச்சாச்சோ? நாளைக்கு அறிக்கை அனுப்போணும்."

மயூரதன் இராசமலரைப் பார்த்தார். இராசமலர் பார்வையை விலக்கவில்லை. பேர் சொன்னால் அவருக்கு இந்த நிறுவனத்தில் மட்டுமல்ல, எந்த நிறுவனத்திலும் இனி வேலை இல்லை. ஐந்து வீட்டின் பேரும் பட்டியலிலிருந்து போகும்.

"பிடிச்சாச்சு. பேரை எழுதுங்கோ," என்றார். "மயூரதன்."

"விளையாடாதேங்கோ அண்ணை."

"பதினேழாம் வீட்டுப் பழைய படிவத்தை எடுத்துப் பாருங்கோ. கீழை கையெழுத்து ஆற்றை எண்டு தெரியும். பக்கத்து வீட்டுக் கிணத்துக்குப் பதினாலு அடியிலை குழி வெட்டச் சொன்னது நான். அடைச்சவை பிழை திருத்தினவை. அந்தப் பிழை என்ரை."

நிருஷன் குரலைத் தாழ்த்திச் சொன்னான். "அண்ணை, புது அறுபதுக்கும் அந்தப் படிவம்தான். நீங்கள் எழுதினது நல்லது எண்டுதானே அப்பிடியே எடுத்தனாங்கள். மேலிடத்திலை அனுமதியாகி வந்திட்டுது. இனி ஒரு வரி மாத்தினாலும் ஆறு மாசம் இழுக்கும். சிலவேளை காசு வேறை நாட்டுக்குப் போயிடும். அந்த அறுபது வீட்டுப் பொம்பிளையளும் இப்பவும் பத்தைக்குள்ளைதான் போகினம். அவையளுக்கு நீங்கள் என்ன சொல்லப்போறியள்?"

அது பொய்யில்லை. அதுதான் கொடுமை. பொய்யாக இருந்திருந்தால் மயூரதனுக்குப் பேசச் சுலபமாக இருந்திருக்கும்.

"கட்டவேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை," என்றார். "நான் வியாழக்கிழமை வாறன். வந்த ஆக்களுக்கு முன்னாலை, இதை எழுதினவன் நான், ஒரு கேள்வி விட்டிட்டன் எண்டு சொல்லுறன். எழுதினவனே சொன்னால் கெதியா மாத்தலாம். மாத்தாட்டியும் பரவாயில்லை, அறுபது வீட்டுக்கும் நான் நாடாவோடை நடக்கிறன்."

"உங்கடை பேர் கெட்டுப் போகும் அண்ணை. பேந்து ஒருதரும் உங்களட்டை விசாரணைக்கு வரமாட்டினம்."

"வராட்டில் படத்தை இறக்கிப்போட்டு மாடியைத் திருப்பிக் குடுக்கிறன்," என்று சொல்லி அவர் கைபேசியை வைத்தார்.

சாருஜா நாடாவைச் சுற்றத் தொடங்கினாள். "கொலைகாரனே துப்பறியிற ஆளெண்டு முதலே சொல்லியிருந்தால் பெற்றோலாவது மிஞ்சியிருக்கும்," என்றாள். சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். "நானும் வாறன் அண்ணை. அறுபதையும் உங்களாலை தனிய அளக்கேலாது."

"அறுபது பிறகு," என்றார் இராசமலர். "இஞ்சை இன்னும் முப்பத்தைஞ்சு கிடக்கு. எனக்குத் தெரிஞ்சது அஞ்சு வேலி மட்டும்தான். மிச்சத்தை ஒருதரும் எட்டிப் பாக்கேல்லை."

அந்த எண்ணிக்கை மயூரதனுக்கு அதுவரை மனதில் ஏறவே இல்லை. அப்படியே கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆரபி ஒரு செம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று தாய் பழக்கியிருக்கிறார். அவர் செம்பைப் பார்த்துத் தயங்குவதைக் கண்டு, அவள் தலையை ஆட்டினாள்.

"இது எங்கடை கிணத்துத் தண்ணி இல்லை, மாமா. அந்த வீட்டுத் தண்ணி. பயப்பிடாமல் குடியுங்கோ."

மயூரதன் இரண்டு கையாலும் செம்பை வாங்கினார். நிறுத்தி நிறுத்தி முழுவதையும் குடித்து முடித்தார். பிறகு நாடாவின் நுனியை இராசமலரிடம் கொடுத்து, பதினெட்டாம் வீடு எந்தப் பக்கம் என்று கேட்டார்.